பெரியப்பா காரில் ஐபாட்: குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: கார்ல பாட்டு கேக்குற புது ஸ்டீரியோ செட் மாட்டியாச்சு. ஆனா என் ஐபாட யூஎஸ்பில சொருகினா "நோ டிவைஸ்"னு காட்டுது. வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போறோம். கேசட்ல இருந்து மாத்தி வச்ச நாதஸ்வரக் கச்சேரி பூரா அதுலதான் இருக்கு. என்ன பண்றது?

நான்: பெரியப்பா, எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திட்டா போதுமே.

சித்தப்பா: அப்படியே ஏத்தினா குழம்பிடும்டா. ஐபாட் உள்ள பாட்டெல்லாம் மறைஞ்ச ஃபோல்டர்ல எஃப்00, எஃப்01னு சிதறிக் கிடக்கும். ஃபைல் பேரு சம்பந்தமே இல்லாத நாலு எழுத்து. எது மல்லாரி, எது ராகம்னு எப்படிக் கண்டுபிடிப்ப?

சித்தப்பா: அண்ணே, ஐபாட் பென்டிரைவ் மாதிரி கிடையாது. அதோட பேசத் தெரிஞ்ச செட்டுதான் யூஎஸ்பில எடுக்கும். செட்டு முன்னாடி வெளிய இருந்து பாட்டு கொடுக்குற ஆக்ஸ் ஓட்டை இருக்கா?

பெரியப்பா: இருக்கு. ஹெட்ஃபோன் மாட்டுற அளவு.

சித்தப்பா: அதான் 3.5 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் பின் இருக்கிற வயர் ஒண்ணு வாங்குங்க. பின்ல கறுப்பு வளையம் ரெண்டு இருந்தா போதும். மூணு இருந்தா அது மைக்கும் சேர்ந்தது, நமக்கு வேண்டாம். ஐபாட் சத்தத்த முக்காலுக்கு மேல வச்சுட்டு, செட்டுல கூட்டிக் குறைங்க. ஐபாட்ல கம்மியா வச்சு செட்டுல ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பெரியப்பா: வயர் போட்டாச்சு. தவில் அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது! ஆனா வண்டி ஓடும்போது "ஙொய்ய்"னு ஒரு சத்தம். ஆக்சிலரேட்டர் மிதிச்சா அதுவும் ஏறுது.

அக்கா: செட்டு கோளாறாப்பா? கடையில மாத்திக் கேப்போமா?

சித்தப்பா: இரும்மா. அண்ணே, ஐபாட் அப்ப சார்ஜ்ல இருந்துச்சா? சிகரெட் லைட்டர்ல?

பெரியப்பா: ஆமா.

சித்தப்பா: சார்ஜர மட்டும் உருவிட்டுக் கேளுங்க.

பெரியப்பா: சுத்தமா நின்னுருச்சுப்பா!

சித்தப்பா: செட்டு நல்லாத்தான் இருக்கு. சார்ஜர் ஒரு வழியா எர்த் ஆகுது, செட்டு வேற வழியா எர்த் ஆகுது. ஆக்ஸ் வயர் ரெண்டையும் சேர்த்துடுது. இப்படி உண்டாகுற எர்த் வளையத்துல, இன்ஜினோட சுத்தி கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டரோட இரைச்சல் நுழையுது, அதான் இன்ஜின் வேகத்தோட ஏறுது. ராத்திரியே வீட்ல ஃபுல் சார்ஜ் போட்டுருங்க, திருச்செந்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் தாராளமா பாடும். சார்ஜ் போட்டுக்கிட்டே கேக்கணும்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சின்ன டப்பா வரும், ஆக்ஸ் வயருக்கு நடுவுல மாட்டணும்.

நான்: பாட்ட கார் ரேடியோவுக்கு அனுப்புற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போட்டா வயரே வேண்டாம்ல சித்தப்பா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். ஊருக்கு ஊர் எந்த அலைவரிசை காலியா இருக்குனு தேடிக்கிட்டே ஓட்டணும். நாதஸ்வரத்தோட கூர்மையும் போயிரும். ஆக்ஸ் இருக்கும்போது அது எதுக்கு?

பெரியம்மா: தம்பி, இன்னொண்ணு. சாவிய எடுத்துட்டுத் திரும்பப் போட்டா செட்டுல மணி தப்பாக் காட்டுது. நான் பிடிச்சு வச்ச ஸ்டேஷனும் காணாமப் போயிருது.

சித்தப்பா: நல்லவேளை சொன்னீங்க மதினி. மஞ்ச வயர் பேட்டரில இருந்து எப்பவும் 12 வோல்ட் வாங்கணும், அதுதான் மணியையும் ஸ்டேஷனையும் காப்பாத்துது. சிவப்பு, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வயர். மாட்டினவர் ரெண்டையும் மாத்திக் கொடுத்திருப்பார். சில கார்ல கம்பெனி சாக்கெட்டே அப்படி மாறித்தான் வரும்.

அக்கா: அப்பா, நீங்களா கை வைக்காதீங்க ப்ளீஸ்.

சித்தப்பா: நாளைக்குக் காலைல நானே வர்றேன். பேட்டரி நெகட்டிவக் கழட்டிட்டு மாத்திக் கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. செட்டோட கறுப்பு வயர பெயின்ட் மேல முறுக்கியிருக்காங்களானும் பாக்கணும். பெயின்ட சுரண்டி, வெறும் இரும்புல பிடிச்சாத்தான் எர்த் சரியா நிக்கும்.

பெரியப்பா: வாப்பா. டிபனுக்கு இங்கயே வந்துரு.

சித்தப்பா: சரிண்ணே. ஒரே ஒரு கவலை. உங்க ஐபாட் கிளாசிக் மாடல் 2014லயே நின்னுபோச்சு. அதுக்குள்ள இருக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க், என்னைக்கு வேணா நின்னுரும். கச்சேரி வேற எங்கயும் இல்லைனா உடனே ஒரு காப்பி எடுத்தாகணும்.

அக்கா: கேசட்டும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு சித்தப்பா, வேற எங்கயும் இல்ல. ஞாயித்துக்கிழமை லேப்டாப் எடுத்துட்டு வர்றேன். அப்பா கூட உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் கோயில், வருஷம் போட்டுப் பேரு வைக்கிறேன்.

சித்தப்பா: அப்படியே பென்டிரைவ்லயும் ஒண்ணு போடும்மா. 32 ஜிபி வாங்கு, ஃபேட்32ங்கிற முறையில ஃபார்மட் பண்ணு. 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ங்கிற வேற முறையில வரும், நிறைய செட்டு அதைப் படிக்காது.

பெரியம்மா: 32 ரெண்டா வாங்கும்மா. ஒண்ணு என் பீரோவுல இருக்கட்டும்.