அம்பாசடர் 1489 எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன்: மேனிஃபோல்டு செய்வதில் சந்தேகம்

கோவை அம்பி:
வண்டி பழைய அம்பாசடர், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கார்புரேட்டரோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது, அதனால் பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றப் போகிறேன். ஒரு த்ராட்டில் பாடியும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது) நான்கு இன்ஜெக்டரும் (பெட்ரோல் பீச்சும் முனை) பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. நான்கு ரன்னர் (காற்றுக் குழாய்) வைத்து அலுமினியத்தில் மேனிஃபோல்டு (காற்றை எஞ்சினுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) செய்யலாம் என்று பழையதைக் கழற்றினால், சிலிண்டர் ஹெட்டில் இன்டேக் ஓட்டை (காற்று உள்ளே போகும் வழி) இரண்டுதான் இருக்கிறது! நான்கு இன்ஜெக்டரை எங்கே வைப்பது?

பட்டறைக்காரன்:
வைக்க முடியாது தம்பி. 1, 2 சிலிண்டருக்கு ஒரு ஓட்டை, 3, 4-க்கு இன்னொன்று. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. எழுதிப் பாருங்கள், ஒரே ஓட்டையில் 2 உறிஞ்சி முடிப்பதற்குள் 1 ஆரம்பித்துவிடும், அப்புறம் ரொம்ப நேரம் ஓட்டை சும்மா கிடக்கும். அந்தச் சும்மா நேரத்தில் வால்வுக்குப் பக்கத்தில் பெட்ரோலைப் பீச்சினால் முதலில் திறக்கும் 2-ம் சிலிண்டர் பெரும்பங்கை அள்ளிக்கொள்ளும், 1 பட்டினி கிடக்கும். அந்தப் பக்கம் 3-க்கும் 4-க்கும் இதே கதை. இந்த எஞ்சினின் தம்பியான ஏ சீரிஸிலும் (மினி காரில் வந்த பி.எம்.சி.யின் சின்ன எஞ்சின்) இதே தலைவலிதான். மினி காருக்கு ரோவர் கம்பெனி 1991-ல் முதலில் ஒரே இன்ஜெக்டர்தான் வைத்தது, 1996-ல்தான் ஓட்டைக்கு ஒன்றாக இரண்டு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்துத் தனித்தனியாகப் பீச்சலாம், ஆனால் அதற்கு எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும் கேம் சென்சார் வேண்டும், பெரிய இன்ஜெக்டர் வேண்டும், அப்புறம் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) சரியாக நிற்காது. தினமும் ஓட்டும் வண்டிக்கு இது தேவையா?

சேலம் 1489:
நான் இதே எஞ்சினுக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ரன்னர், நடுவில் சின்னப் பெட்டி, இன்ஜெக்டர் இரண்டும் வால்விலிருந்து தள்ளி, த்ராட்டிலுக்குப் பக்கத்தில். பெட்ரோல் காற்றோடு கலந்தே போவதால் பங்கு ஏறக்குறைய கார்புரேட்டர் மாதிரிதான். 50 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின்தானே, இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 165 சிசி பெட்ரோல் என்று கணக்கு வரும், நான் கொஞ்சம் கூடவே போட்டேன். பழைய மேனிஃபோல்டுக்கு எக்ஸாஸ்ட் சூடு கிடைக்கும், புதியதற்கு அது இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் பெட்ரோல் சுவரில் ஒட்டிச் சொட்டும். அடியில் ரேடியேட்டர் தண்ணீர் ஓட ஒரு அறை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நான் ஒரு மேனிஃபோல்டைக் குப்பையில் போட்டேன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ஒரே பெரிய வாஷர்தான் அமுக்கிப் பிடிக்கிறது. ஃப்ளேஞ்ச் (ஹெட்டோடு ஒட்டும் தட்டு) கனம் இரண்டிலும் ஒன்றாக இல்லையென்றால் ஏதாவது ஒரு பக்கம் கட்டாயம் லீக். எக்ஸாஸ்ட் ஃப்ளேஞ்சை அளந்து, ஒரு மில்லிமீட்டர் கூட வைத்து வெட்டி, கனமான இரும்புத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கி, இடம் மாற்றி மாற்றி ஆர்கான் வெல்டிங் அடித்து, நன்றாக ஆறிய பிறகு கழற்றி மில்லிங்கில் சீவுங்கள். சும்மா வைத்து அடித்தால் வாழைப்பழம் மாதிரி வளையும்.

கோவை அம்பி:
வாஷர் விஷயம் தெரியவே தெரியாது அண்ணா. பெட்ரோல் பம்ப் பழையதே போதுமா?

பட்டறைக்காரன்:
போதாது. பழைய பம்ப் கால் பார் அழுத்தம் கொடுத்தாலே அதிகம், உங்களுக்கு 3 பார் வேண்டும். எலக்ட்ரிக் பம்ப், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன், இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸ். சாதா ஹோஸ் போட்டுவிடாதீர்கள், கீழேயே எக்ஸாஸ்ட் சிவக்கச் சுடுகிறது. வண்டியில் இன்னும் டைனமோ இருந்தால் இதற்கெல்லாம் கரண்ட் போதாது, முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றுங்கள்.