புயல் நேரத்தில் இரண்டு குழந்தைகளோடு தாம்பரம் – லால்குடி: காரில் போகலாமா?

தாம்பரம்_மருமகள்:

வரும் ஞாயிற்றுக்கிழமை லால்குடி பக்கத்தில் ஒரு கோயிலில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். அதனால் "வரமுடியவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, சனிக்கிழமை வாக்கில் கரையைக் கடக்கலாம் என்கிறார்கள். எங்கள் திட்டம்: வெள்ளி இரவு இவர் ஆபீஸ் முடிந்து வந்ததும் கிளம்புவது. விசேஷம் முடிந்து திங்கள் அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் பத்தரைக்குள் இவர் ஆபீஸ் போய்விடலாம். மொத்தம் 300 கிலோமீட்டர் சொச்சம்தான்.

மகனுக்கு 5 வயது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒரு வாந்தி நிச்சயம். மகளுக்கு 14 மாதம். வண்டி ஆறு வருஷப் பழைய வேகன் ஆர். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுக்கு மேல் நிற்கிறது. மழையில் குழந்தைகளோடு நெடுந்தூரம் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இரவில் போவது சரியா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

குரோம்பேட்டை_பாட்டி:

போகவே வேண்டாம் கண்ணு. காது எங்கேயும் ஓடிப் போகாது. தை மாசம் வெயிலடிக்கும்போது குத்திக்கொள்ளட்டும். நாத்தனாரிடம் நீ சொல்லாதே, உன் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லு.

மடப்பட்டில்_மூணு_மணிநேரம்:

பாட்டி சொல்வது நடந்தால் நல்லதுதான். ஆனால் பத்திரிகை அடித்து, ஆட்டுக்கும் சொல்லி வைத்த பிறகு தேதியை மாற்றும் குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. போவதாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்தச் சாலையில் நான் பட்டவன். 2024 ஃபெஞ்சல் புயல். எங்களுக்கும் திருச்சியில் ஒரு விசேஷம், எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு அப்போது 6, சின்னவனுக்கு 2. நவம்பர் 30 சனிக்கிழமை புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நான் புத்திசாலி மாதிரி வியாழக்கிழமையே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருச்சி போய்ச் சேர்ந்துவிட்டேன். "பார்த்தியா, எப்படித் தப்பிச்சோம்" என்று மாமனாரிடம் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். மழை விட்டுவிட்டது, கரண்ட் இருக்கிறது என்றார். அவ்வளவுதான், திங்கள் அதிகாலை நாலரைக்குக் கிளம்பிவிட்டோம். ஆமாம் தங்கச்சி, உங்கள் திட்டத்தில் இருக்கிற அதே திங்கள் அதிகாலைதான்.

பெரம்பலூர், தொழுதூர், வேப்பூர் எல்லாம் ஈர ரோடு, லேசான தூறல். செங்குறிச்சியில் சுங்கமும் கட்டியாயிற்று. உளுந்தூர்பேட்டை தாண்டி மடப்பட்டு வரும்போது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஏதோ விபத்து என்று நினைத்தேன். முன்னால் நின்ற லாரியின் கிளீனர் பையன் சாவகாசமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீக்கிரம் நகரப்போகிற வரிசையில் யாராவது பல் விளக்குவார்களா? "அரசூர்ல மலட்டாறு ரோட்டு மேல போகுதுண்ணே" என்றான்.

நடந்தது இதுதான். கரையைக் கடந்த புயல் உடனே செத்துவிடவில்லை. மெதுவாக உள்ளே நகர்ந்து ஞாயிறு முழுக்கக் கொட்டியது. எங்கோ கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து, திங்கள் விடியற்காலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணையில் வெள்ளம், அதிலிருந்து பிரியும் மலட்டாற்றிலும் வெள்ளம். நாங்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை. பல்லாவரத்திலும் இல்லை. நடுவில் ஆறு ரோட்டின் மேல் ஓடுகிறது. நான் இரண்டு முனையிலும் வானத்தை விசாரித்தேன், நடுவில் எத்தனை ஆறு இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

உங்கள் பாதையிலும் அதே ஆறுகள்தான். செங்கல்பட்டு தாண்டிப் பாலாறு, விழுப்புரம் தாண்டித் தென்பெண்ணை, மலட்டாறு, தொழுதூரில் வெள்ளாறு. திரும்பும் நாளில் சென்னை வானிலையை மட்டும் பார்க்காதீர்கள். முந்தின நாள் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சியில் எவ்வளவு பெய்தது, சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது மாமியார் கட்டிக்கொடுத்த இட்லிதான். பொடி தடவி, இருபத்திரண்டு இட்லி. "ஆறு மணி நேரப் பயணத்துக்கு இது எதுக்கு" என்று நான் முனகிய அதே இட்லி. ஃபிளாஸ்கில் பால் ஒரு வேளைக்குத்தான் இருந்தது. சின்னவனுக்கு டயப்பர் இரண்டே இரண்டு, மிச்சமெல்லாம் டிக்கியில் சூட்கேஸுக்கு அடியில். மழையில்லாததால் இறங்கி எடுத்தேன். கொட்டியிருந்தால் என்ன செய்திருப்பேனோ. பெரியவள் லாரி எண்ணினாள். 114-இல் அடம்பிடித்து அழ ஆரம்பித்தாள்.

நடுவில் நான் செய்யவிருந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போனில் மேப் ஒரு கிராமத்து வழியைக் காட்டியது, நீலக் கோடு, தடையே இல்லை என்று. அந்த வழியில் வண்டியைத் திருப்பிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. வழி சரிதானா என்று கேட்டதற்கு அந்த அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "புள்ளைங்கள வச்சிக்கிட்டா அந்தப் பக்கம் போற? தரைப்பாலம் முங்கிக் கெடக்கு" என்றார். மேப்புக்குத் தரைப்பாலம் தெரியாது. டீ குடித்துவிட்டு வந்த வழியே திருச்சிக்கே திரும்பிவிட்டோம். புதன்கிழமைதான் ஊர் வந்தோம்.

அதனால், வெள்ளி இரவு வேண்டாம். முடிந்தால் வியாழன் பகலிலேயே போங்கள். திரும்புவதற்கு நாள் குறிக்காதீர்கள். ஆபீஸில் புதன் வரைக்கும் லீவு சொல்லி வைக்கச் சொல்லுங்கள். "திங்கள் பத்தரைக்கு ஆபீஸ்" என்ற நினைப்புதான் மனுஷனைத் தண்ணீருக்குள் வண்டியை விட வைக்கும்.

டிராவல்ஸ்_ஓட்டுநர்:

இருபது வருஷமா இந்த ரோட்டில் வண்டி ஓட்டுறேன். அண்ணன் சொன்னது சரி. வண்டி சம்பந்தமா மட்டும் நான் சொல்றேன் மேடம்.

போறதுக்கு முன்னாடி வைப்பர் ரப்பரை மாத்துங்க. ஆறு வருஷ வண்டின்னா டயரையும் பாருங்க, மழு மழுன்னு இருந்தா மழையில பிரேக் பிடிக்காது. நல்ல மழையில 60-க்கு மேல வேண்டாம். தேங்கின தண்ணியில வேகமா ஏறினா டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி புகுந்து வண்டி தானா வழுக்கும். அப்ப பிரேக்கை ஓங்கி அமுக்காம, ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஸ்டியரிங்கை நேரா பிடிக்கணும்.

கண்ணாடி உள்ளே பனி பிடிச்சா துணியால துடைச்சிக்கிட்டே ஓட்டாதீங்க. ஏசியைப் போட்டு, காத்தை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காத்து உள்ள வர மாதிரி வைங்க, ஒரு நிமிஷத்துல தெளிஞ்சிடும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் போடாதீங்க. நீங்க நிக்கிறீங்களா, திரும்புறீங்களான்னு பின்னாடி வர்ற எங்களுக்குத் தெரியாது. ஹெட்லைட் டிம்ல போட்டா போதும்.

ரோட்டுக்குக் குறுக்கே தண்ணி ஓடுச்சுன்னா நின்னுடுங்க. ஒரு அடி தண்ணி இழுத்து ஓடினாலே சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கும். லாரி போகுதேன்னு பின்னாடி போகக் கூடாது, அது பத்து இருபது டன். தேங்கின தண்ணியில வண்டி ஆஃப் ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி என்ஜினுக்குள்ள போயிருந்தா அந்த ஒரு செல்ஃப்லயே கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண இன்சூரன்ஸ்ல அதுக்குப் பெரும்பாலும் காசு வராது.

ஹைவேயில மாட்டினா 1033-க்கு போன் பண்ணுங்க. வெள்ளம்னா மாவட்ட உதவி எண் 1077.

தாம்பரம்_மருமகள்:

இருவருக்கும் நன்றி. திங்கள் அதிகாலை விஷயத்தைப் படித்ததும் இவருக்கே முகம் மாறிவிட்டது. ரயிலைத் தட்கலில் முயற்சி செய்யலாமா என்று கேட்கிறார். அது பத்திரம்தானே? அப்புறம், மகனின் வாந்திக்கு யாரும் வழி சொல்லவில்லையே.

மடப்பட்டில்_மூணு_மணிநேரம்:

கிடைத்தால் ரயிலே நல்லது, பிள்ளைகள் நடமாடலாம். ஆனால் அதே திங்களன்று விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் நடுவே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டு ரயில்களையும் நிறுத்தினார்கள். அதனால் ரயிலானாலும் லீவு லீவுதான்.

வாந்திக்கு எங்கள் வீட்டு வழக்கம்: கிளம்பும் முன் பால் கிடையாது. இட்லி ஒன்று அல்லது வறண்ட பிரெட். போன் பார்க்கக் கொடுக்கக் கூடாது. பின் சீட்டில் இருந்தாலும் முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். மழையில் ஜன்னல் திறக்க முடியாது என்பதால் வாய் அகன்ற டப்பா ஒன்று, மூடியோடு, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையை நம்பாதீர்கள், எங்கள் பையில் ஓட்டை இருந்தது. அதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை.

ஒரு பையில் இரண்டு நாளைக்கான டயப்பர், மாற்றுத்துணி, துண்டு, காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ், வெந்நீர் ஃபிளாஸ்க், சத்துமாவு. அந்தப் பை டிக்கிக்குப் போகவே கூடாது, உங்கள் காலடியில். பெட்ரோல் பாதி டாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நிற்கும்போதும் ஏசி ஓட வேண்டியிருக்கும்.

தாம்பரம்_மருமகள்:

முடிவாகிவிட்டது. நானும் குழந்தைகளும் இவரும் வியாழன் காலை ஆறு மணிக்குக் காரிலேயே கிளம்புகிறோம். லீவு புதன் வரை. மேலதிகாரி "காதுகுத்துக்கு ஒரு வாரமா?" என்று கேட்டாராம், மலட்டாறு கதையை அனுப்பி வைத்தார் இவர். நாத்தனாரும் போன் செய்தாள், தாய்மாமன் மூன்று நாள் முன்னாடியே வருகிறார் என்றதும் ஏக சந்தோஷம். பந்தல் வேலை இவர் தலையில்தான்.

இப்போதுதான் வண்டியில் இருந்த குடைகளை எடுத்துப் பார்த்தேன். நாலில் ஒன்றுதான் விரிகிறது, அதுவும் மகனின் பொம்மை போட்ட குடை.