தகரக் கூரை, இரண்டு முழச் சங்கிலி, ஒரு ஹஸ்கி: நான் செய்தது தவறா?

கெட்டில்கரைக்காரி | சனி, இரவு 9.40

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கோலக்கெட்டிலில் நாங்கள் இருப்பது பழைய தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. முன்பு ரப்பர் இருந்த இடம். இப்போது வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஹஸ்கி வளர்க்கிறார். மேற்குப் பார்த்த வீடு. கார் நிறுத்தும் தாழ்வாரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு முழச் சங்கிலியில்தான் அதன் வாழ்க்கை.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அது கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. வாயிலிருந்து கஞ்சி போல எச்சில் ஒழுகியது. ஈறு செக்கச்செவேலென்று இருந்தது. எழுப்பினால் பின்னங்கால் மடங்கியது. வீட்டில் யாரும் இல்லை, வாயிற்கதவும் பூட்டவில்லை. உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றி, குழாய் நீரால் கழுத்துக்குக் கீழே முழுவதும் நனைத்தேன். என் மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து எதிரே வைத்தேன். இருபது நிமிடத்தில் தலையைத் தூக்கியது.

மாலையில் அண்ணன் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், வசவுதான் கிடைத்தது. கொதிக்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டு சாகுமாம். மறுநாள் நாயை மொட்டையடித்துக் கொண்டுவந்து அதே சங்கிலியில் கட்டிவிட்டார். "இனி உடம்பு சூடேறாது" என்கிறார். நான் செய்தது தவறா?

பெரட்டுக்களத்து ஆள் | சனி, இரவு 10.15

தவறுதான். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தது ஒன்று. ஈரத் தரையில் மின்சாரக் காற்றாடியை வைத்தது இன்னொன்று. நாயோடு நீங்களும் போயிருப்பீர்கள்.

நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், வீட்டுக்கு ஒரு நாய் இருக்கும். விடியலுக்கு முன் எங்களோடு மர நிரைக்கு வரும், பால் நிறுக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடும். குளிப்பாட்டியவர் இல்லை, காற்றாடி வைத்தவர் இல்லை. ஒன்றும் வெயிலில் செத்ததாக நினைவில்லை. இப்போதுதான் நாய்க்கு வேர்க்கிறது, பூனைக்குத் தலைவலி என்று கிளம்பியிருக்கிறீர்கள்.

ஊசிக்காரத் தங்கை | ஞாயிறு, காலை 7.05

ஐயா, நாய்க்கு வேர்த்தால்தான் தொல்லையே இல்லையே! அதற்கு வியர்வை பாதத்தின் அடியில் மட்டும்தான் சுரக்கும். உடம்பைக் குளிர்விக்க அது போதாது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் எங்கே போகும்? வறண்ட ஊரில் 35 பாகை வெப்பமும் நம் ஊரில் 35 பாகையும் நாய்க்கு ஒன்றல்ல.

நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 பாகை. 41க்கு மேல் போனால் ஆபத்து. இன்னும் ஏறினால் சிறுநீரகம், கல்லீரல், குடல் எல்லாம் கெடத் தொடங்கும். அக்கா சொல்கிற கெட்டி எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம் மூன்றும் வெப்பத்தாக்கத்தின் அடையாளங்கள்.

பச்சைத் தண்ணீர் பற்றி: அது பழைய நம்பிக்கை. தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளே அடைபடும் என்று முன்பு மருத்துவர்களே சொல்வதுண்டு. இப்போதைய அறிவுரை நேர்மாறானது: முதலில் குளிர்வி, பிறகு வண்டியில் ஏற்று. பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2016 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். வெப்பத்தாக்கத்தோடு வந்த நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத்தான் வண்டியில் ஏற்றும் முன் குளிர்வித்திருந்தார்கள். பலர் செய்தது ஈரத்துணி போர்த்துவது. போர்த்திய துணி சற்று நேரத்தில் சூடாகி, ஆவி போக விடாமல் மூடிக்கொள்ளும். இளம் நாயைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாம், தலை மட்டும் வெளியே இருக்க வேண்டும். வயதானதற்கும் நோயுள்ளதற்கும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசச் செய்வது நல்லது. அக்கா செய்தது அதுதான். நீர் தெறிக்காத தூரத்தில் காற்றாடியை வைக்க வேண்டும் என்பதில் ஐயா சொன்னது சரி.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. தலையைத் தூக்கிவிட்டது என்று அப்படியே விடக் கூடாது. இரத்தம் உறைவதில் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படலாம்.

நீதிமன்றம் போவேன் | ஞாயிறு, காலை 9.20

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. கொடுமைப்படுத்தினால் 1 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. படம் எடுத்துக் கால்நடைச் சேவைத் துறைக்கு அனுப்புங்கள். இதற்கு எதற்கு விவாதம்?

கெட்டில்கரைக்காரி | ஞாயிறு, காலை 9.48

என் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நடு இரவில் காரை எடுத்தவர் அவர். அவர்மேல் புகார் கொடுப்பதற்காக இங்கே எழுதவில்லை.

பச்சைத் தண்ணீர் அண்ணன் | ஞாயிறு, மதியம் 1.30

நான்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். என் மகன் இதைக் காட்டினான். ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன் வேலிக்கு மேலே ஒரு குரல் கொடுத்திருக்கலாம், தங்கச்சி.

புதன்கிழமை கத்தியது என் தவறு. ஆனால் சங்கிலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கேளுங்கள். எனக்கு முன்பு ஒரு நாய் இருந்தது, டைகர். கட்டியதே இல்லை. செம்பனைக்குள் சுற்றித் திரிந்தவன் எலிக்கு வைத்த மருந்தைத் தின்றானோ, செத்த எலியைத் தின்றானோ தெரியாது. மூன்றாம் நாள் மூக்கில் இரத்தம் வடிந்து என் மடியிலேயே செத்தான். எதிர்வீட்டில் மலாய்க் குடும்பம். நல்ல மனிதர்கள். ஈர மூக்கோடு என் நாய் போய் உரசினால் அவர்கள் மத முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். அவர்களை அந்தச் சிரமத்தில் தள்ளவா? அவிழ்ந்து தெருவில் திரிந்தால் நகராண்மைக் கழகத்தார் பிடித்துப் போவார்கள். சங்கிலி போட்டது கொடுமைக்காக இல்லை, பயத்தால்தான்.

முடி வெட்டியதில் என்ன தப்பு? நம்மை இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்காருவோமா? வெட்டியபின் நன்றாகச் சாப்பிடுகிறான்.

ஊசிக்காரத் தங்கை | ஞாயிறு, மதியம் 2.10

டைகரை நினைத்து வருத்தமாக இருக்கிறது, அண்ணே. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிமருந்தாகத்தான் இருக்கும்.

முடியைப் பற்றி நான் உடன்படமாட்டேன். ஹஸ்கிக்கு இரட்டை முடி: மேலே நீளமான காவல் முடி, அடியில் பஞ்சு போன்ற மென்முடி. மேல்முடி வெயிலையும் தடுக்கிறது. தோல் தெரிய மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமலே போகிறது. உதிரும் மென்முடியைச் சீப்பால் வாரி எடுத்துவிட்டாலே முடிக்குள் காற்று புகும்.

தட்டை மூக்கு பக் | ஞாயிறு, மதியம் 2.33

பக், புல்டாக், ஷிட்ஸு வைத்திருப்பவர்கள் ஹஸ்கியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நம்முடையவை மூக்கே இல்லாத ஜாதி, மூச்சிரைத்தும் பயனில்லை. என்னுடையது பகல் முழுவதும் குளியலறைத் தரையில்தான்.

பெரட்டுக்களத்து ஆள் | ஞாயிறு, மாலை 4.00

எல்லோருக்கும் பாடம் எடுத்தாகிவிட்டதா? வெயில் புதிதில்லை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை அடித்தது. 2016இல் பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகளையே மூடினார்கள். நாய்கள் அப்போதும் இருந்தன. தாழ்வாரத்துச் சிமெண்டில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது வேலை.

ஊசிக்காரத் தங்கை | ஞாயிறு, மாலை 4.25

காற்றே நுழையாத தாழ்வாரத்தில் சுட்ட சிமெண்டில் நீர் ஊற்றினால் புட்டுக்குழாய்தான், ஐயா. ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்து நாய்கள் மதியத்தில் எங்கே படுக்கும்?

பெரட்டுக்களத்து ஆள் | ஞாயிறு, மாலை 5.10

எங்கே வேண்டுமானாலும். குழாயடிச் சேற்றில் கிடக்கும். வாய்க்கால் ஓரத்தில் பள்ளம் பறித்து வயிற்றை வைத்துக் கொள்ளும். பழைய லயங்கள் தூண்மேல் நின்றன, அடியில் ஆள் குனிந்து போகலாம், அங்கே பத்து நாய் தூங்கும். நிழல் நகர்ந்தால் அவையும் நகரும்.

ஊசிக்காரத் தங்கை | ஞாயிறு, மாலை 5.16

கட்டியிருந்தீர்களா?

பெரட்டுக்களத்து ஆள் | ஞாயிறு, இரவு 8.02

இல்லை.

எங்கே போகிறாய் என்று புரிகிறது, பெண்ணே. நாய்க்குப் படுக்கும் இடம் தானே தெரியும், சங்கிலிதான் கெடுக்கிறது என்கிறாய். சரி. ஆனால் தம்பி சொல்வதும் பொய்யில்லை, எலிமருந்து எங்கள் காலத்தில் இவ்வளவு கிடையாது. அவிழ்த்துவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

தம்பி, வீட்டின் பின்புறம் மரம் இருக்கிறதா? இருந்தால் மரத்திலிருந்து துணி காயவைக்கும் கம்பம் வரை ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி இழு. கம்பியில் வளையம் மாட்டு, வளையத்தில் சங்கிலி. நாய் நீளத்துக்கு ஓடும், வேலியைத் தாண்டாது. சங்கிலி மரத்தைச் சுற்ற முடியாத தூரத்திலேயே கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடு, இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். எங்கள் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு நாய்க்கு அப்படித்தான் இருந்தது. தண்ணீரை இரும்புத் தட்டில் வைக்காதே, வெயில் பட்டால் கொதிக்கும். மண் சட்டி வை, நிழலில் வை.

பச்சைத் தண்ணீர் அண்ணன் | ஞாயிறு, இரவு 8.40

ரம்புத்தான் மரம் ஒன்று இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நடக்கக் கூட்டிப்போகிறேனே, அதுவும் தப்பா?

பெரட்டுக்களத்து ஆள் | ஞாயிறு, இரவு 8.55

ஐந்து மணிக்கு வெயில் தாழும் என்பது பழைய நேரக் கணக்கு. 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது ஐந்து மணிக்கு அடிப்பது நாலரை மணி வெயில்.

ஊசிக்காரத் தங்கை | ஞாயிறு, இரவு 9.03

புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், அண்ணே. உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. ஏழு மணிக்கு மேல் போங்கள், அல்லது விடியலில்.

பச்சைத் தண்ணீர் அண்ணன் | அடுத்த சனி, மாலை 6.20

கம்பி இழுத்தாகிவிட்டது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மகனின் வெப்பமானியை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தோம். தகரத்தின் கீழே 41, ரம்புத்தான் நிழலில் 34. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தாழ்வாரமும் நிழல்தானே என்று இருந்துவிட்டேன்.

முதல் நாளே மரத்தடியில் பள்ளம் பறித்துவிட்டான். என் மனைவியின் மல்லிகைச் செடி போயிற்று, அதற்கு வசவு எனக்கு. வியாழக்கிழமை சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்த்தோம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம். முடி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறான், கண்ணால் பார்க்கிறேன்.

ஊசிக்காரத் தங்கை | சனி, மாலை 6.31

சுறுசுறுப்பு மரத்தடியால் வந்தது, அண்ணே. முடி வளர்கிறதா என்று ஆறு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

கெட்டில்கரைக்காரி | சனி, இரவு 7.15

அண்ணே, எல்லாம் சரி. என் மேசைக் காற்றாடியை எப்போது திருப்பித் தருவீர்கள்? இங்கே எங்களுக்கும் வேர்க்கிறது.