கனடாவுக்குப் புதுசா வந்த வெல்டர்களுக்கு: சந்துபொந்தில் வெல்டைத் தேய்க்க என்ன வாங்கலாம்?

துவாக்குடி, அம்பத்தூர் பக்கமிருந்து ஒன்டாரியோவுக்கு ஃபேப்ரிகேஷன் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, கிரைண்டரை எடுத்துட்டு வரட்டுமா?" வேண்டாம் தம்பி. இங்கே கரண்ட் 120 வோல்ட். நம்ம 230 வோல்ட் மெஷின் சுற்றினாலும் வேலைக்கு ஆகாது. சிஎஸ்ஏ (கனடா தர நிர்ணய அமைப்பு) மாதிரி கனடாவில் ஏற்கப்பட்ட முத்திரை இல்லாத மின்கருவியைப் பயன்படுத்த ஒன்டாரியோ விதியும் இடம் தராது. டிஸ்க்கும் பொருந்தாது: ஊரில் 4 இன்ச் மெஷினுக்கு எம்10 ஸ்பிண்டில் (டிஸ்க் மாட்டும் தண்டு), 16 மி.மீ. ஓட்டை, இங்கே ஓடுவதெல்லாம் நாலரை, அஞ்சு இன்ச், ஸ்பிண்டில் 5/8 இன்ச், ஓட்டை 22 மி.மீ. அந்த எடைக்கு மிளகாய்த்தூள் கொண்டுவாங்க.

சாதா கிரைண்டர் பெரும்பாலும் வேலை பார்க்கிற ஷாப்பிலேயே இருக்கும். சந்துக்குள் போகிற மெஷின்தான் தேடும்போது இன்னொருத்தர் கையில் இருக்கும். அதனால் சொந்தக் காசில் முதலில் வாங்க வேண்டியது டை கிரைண்டர், அதாவது நம்ம பென்சில் கிரைண்டர். குழாய்க்குள், ஓட்டைக்குள் போக நேர் தலை. ரெண்டு தகட்டுக்கு நடுவே 2 இன்ச் திருகு டிஸ்க் போட்டுத் தேய்க்க வளைந்த தலை. ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு வளைந்த தலைக்கு. காற்றில் ஓடுவது விலை குறைவு, ஆனால் 90 பிஎஸ்ஐ காற்றழுத்தம் விடாமல் வர வேண்டும். வீட்டு கராஜில் இருக்கும் சின்ன கம்ப்ரஸர் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கும். வீட்டு வேலைக்கு பேட்டரி மெஷினே மேல்.

டை கிரைண்டரில் மாட்டும் பல் வைத்த பர் பிட் வாங்கும்போது தண்டைப் பாருங்க. இங்கே அந்தத் தண்டைப் பிடிக்கும் காலட் கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ. ஊரிலிருந்து கொண்டுவந்த 6 மி.மீ. பர் உள்ளே நுழையும், இறுக்கினால் பிடித்த மாதிரியும் தெரியும். 20,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும்போது நழுவி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரெண்டு தகடு சேரும் மூலையில் போடும் ஃபில்லெட் வெல்டுக்கு நுனி உருண்ட மர வடிவ பர். இரும்புக்கு இரட்டை வெட்டு. அலுமினியத்துக்கு அகலப் பல் உள்ளது, இல்லாவிட்டால் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். நீளத் தண்டு பர்ரை வேலையைத் தொடாமல் சும்மா முழு வேகத்தில் ஓடவிடாதீங்க, தண்டு வளைந்துவிடும். வேகத்தைக் குறைத்து, வேலையைத் தொட்ட பிறகு ட்ரிகரை அழுத்துங்க. பர் கக்கும் துகள் பொடி இல்லை, ஊசி. கையால் துடைக்காதீங்க, கண்ணாடிக்கு மேல் ஃபேஸ் ஷீல்டும் வேண்டும்.

அடுத்து காசு சேர்ந்தால் பெல்ட் ஃபைல், அதாவது ஒல்லியான உரசு பெல்ட் ஓடும் மெஷின். அரை இன்ச் அகல பெல்ட், விரல் போல உள்ளே நுழையும். பிரேம் மூலை, கைப்பிடிக் குழாய் ஜாயின்ட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. தட்டைத் தலை கிரைண்டர் 45 டிகிரிக்கும் குறைவான கூர்மூலைக்கு அருமை, ஆனால் விலை கடிக்கும். கம்பெனியை வாங்கச் சொல்லுங்க.

இடம் பத்தவில்லை என்று கிரைண்டரின் கார்டை (டிஸ்க்கை மூடும் கவசம்) கழற்றுவது, கட்டிங் வீலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது இரண்டும் ஊர்ப் பழக்கம். இங்கே விட்டுடுங்க. மெல்லிய கட்டிங் வீல் பக்கவாட்டு அழுத்தம் தாங்காது, உடைந்து பறக்கும். ஃபோர்மேன் அவசரப்படுத்தினாலும், ஆபத்தான வேலையை மறுக்க ஒன்டாரியோ சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டெயின்லெஸ் என்றால் இரும்பில் ஓட்டிய டிஸ்க்கைத் தொடாதீங்க, பின்னால் துருப்புள்ளி விழும். தனி டப்பாவில் வையுங்க.

மெஷினை எடுக்குமுன் டிராயிங்கைப் பாருங்க. வெல்ட் குறியில் நேர்கோடும் ஜி எழுத்தும் இருந்தால்தான் சமமாகத் தேய்க்கச் சொல்கிறார்கள். இல்லாத இடத்தில் அழகுக்காக ஃபில்லெட்டைத் தேய்த்துக் குழித்தால் த்ரோட், அதாவது வெல்டின் கனம், மெலிந்துவிடும். இன்ஸ்பெக்டர் கேஜ் வைத்துப் பார்த்தால், அதே சந்துக்குள் டார்ச்சை நுழைத்து மறுபடி வெல்ட் வைக்க வேண்டியது நீங்கதான்.