எழுதிக் கொடுத்த பேச்சு பிள்ளையின் சொந்தப் பேச்சாகுமா?

வடசேரி அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை பஸ்ஸின் போர்டையும் வாசித்துவிடுவான். ஆனால் அவனாக யாரிடமும் வாய் திறக்க மாட்டான், நாம் கேட்டால்தான் பதில். ஆறு மாதமாக ஒரு முறையைச் செய்து பார்க்கிறோம். சீட்டில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்து, பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் குறைப்பது. முதலில் "அத்தை, சாயா குடிச்சீங்களா?" அடுத்து "அத்தை, சாயா". அப்புறம் "அத்தை" மட்டும். பிறகு வெற்றுச் சீட்டு, கடைசியில் அதுவும் இல்லை. இப்போது என் நாத்தனார் படியேறினால் அவனே கேட்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை "அத்தை, மட்டிப்பழம் தின்னீங்களா?" என்றான். எந்தச் சீட்டிலும் மட்டிப்பழம் எழுதியதே இல்லை! இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் "கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி" என்றார். அன்று முழுவதும் மனசே சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குளச்சல் வாத்தியார்:
தங்கச்சி, உன் மகன் பேசியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ஆள் சொன்னதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். "வணக்கம், என் பெயர் இது, நீங்கள் நலமா?" என்று பழக்கி அனுப்பியிருந்தார்கள். ஒரே ஆளிடம் ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை அதையே சொல்வான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனுக்கு ஏன் என்று புரியாது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பேச்சு தேவையிலிருந்து வரவேண்டும். எழுதிக் கொடுத்தால் வருவது ஒப்பித்தல்.

தக்கலை பேச்சுப் பயிற்சி:
சார், அந்தப் பையனுக்கு வாக்கியத்தைக் கொடுத்தார்கள், திரும்ப எடுக்கவில்லை. இந்த முறையின் உயிரே எடுப்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டன் குழந்தை வளர்ச்சி நிலையத்தில் பெட்ரீஷியா கிரான்ட்ஸ், லின் மெக்லனஹன் இருவரும் 1993இல் இதை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள நான்கு பிள்ளைகள், வயது 9 முதல் 12 வரை. படம் வரைவது போன்ற கைவேலை நேரத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல 10 வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கடைசியிலிருந்து படிப்படியாகக் குறைத்தார்கள். குறையக் குறைய, எழுதித் தராத பேச்சு கூடியது. 1998இல் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கிய சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தபோது சீட்டில் இருந்தது "பார்", "நான் செய்வதைப் பார்" அளவுக்கான சொற்கள்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் குரலைப் பதிவு செய்து கேட்கவைத்துக் குறைக்கலாம்.

இன்னொன்று. பக்கத்தில் நின்று "சொல்லு, சொல்லு" என்று தூண்டக்கூடாது. உதவி தேவைப்பட்டால் பின்னால் நின்று கையைப் பிடித்துச் சீட்டைக் காட்டலாம், அவ்வளவுதான். கேட்பவரும் கேள்வி கேட்காமல் இயல்பாகப் பதில் சொல்லவேண்டும். நாம் கேள்வி கேட்டால் பிள்ளை பழையபடி பதில் சொல்பவனாகவே நின்றுவிடுவான்.

வடசேரி அம்மா:
அந்த "சொல்லு"வை நிறுத்தத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது.

தோவாளை அப்பா:
நாங்கள் இரண்டு மாதம் செய்துவிட்டு விட்டுவிட்டோம். மகள் போன பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்தது "நான் இன்று சந்தைக்குச் சென்றேன்". எங்கள் தெருவில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அவள் வாயைத் திறந்தால் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது. இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லை எடுத்தால் போவது பெரும்பாலும் ஒரு பொருளின் பெயர். தமிழில் கடைசியில் இருப்பது வினை. போனேனா, போனீங்களா, போவோமா எல்லாம் அதில்தானே? பாரம் தாங்குகிற சொல்லையே முதலில் பிடுங்கினால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

தக்கலை பேச்சுப் பயிற்சி:
புத்தகத் தமிழ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதவேண்டும். வினை விஷயத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். "அத்தை" என்ற விளி கடைசி வரை சீட்டில் நிற்கிறது. யாரிடம் பேசுகிறோம் என்பது கையில் இருக்கிறது. அதற்குப் பொருந்த "குடிச்சீங்களா" என்பதா, தம்பி என்றால் "குடிச்சியா" என்பதா என்று பிள்ளையே தேடிப் பிடிக்கவேண்டும். திணறினால் ஒரு படி பின்னால் போய் அந்தச் சொல்லைத் திரும்ப வையுங்கள். ஒரே சீட்டோடு நிற்காமல் மூன்று நான்கு வாக்கியங்கள் கொடுங்கள், பிள்ளை இதிலும் அதிலும் எடுத்துக் கோப்பதற்கு. மட்டிப்பழம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

முட்டம் 24:
எனக்கு ஆட்டிசம் உண்டு, வயது 24. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் முன் இன்றும் மனசுக்குள் வாக்கியத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். அதனால் சீட்டு எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை, வாத்தியார் சார். என் வருத்தம் வேறு. சாயா குடிச்சீங்களா, சாப்பிட்டீங்களா என்று சீட்டு முழுக்கப் பெரியவர்களுக்குப் பிடித்த பேச்சு. சின்ன வயதில் எனக்கு எங்கள் ஊர் கலங்கரை விளக்கத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். அதற்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. "எனக்கு இப்போ பேச வேண்டாம்" என்றும் எழுதித் தரவில்லை. பேசக் கற்றுக்கொடுப்பவர்கள் மறுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

குளச்சல் வாத்தியார்:
தம்பி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் வகுப்பில் சிரித்த பிள்ளைகளை நான் அதட்டினேன். அவனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: வீட்டில் அத்தையிடம் வருவது விளையாட்டு மைதானத்தில் வரவேண்டும். அங்கே வராதவரை பேச்சு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

தக்கலை பேச்சுப் பயிற்சி:
ஒப்புக்கொள்கிறேன் சார். ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் பழக்கினால் அங்கேயே நின்றுவிடும். ஆளையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

வடசேரி அம்மா:
இன்றைக்கு இரண்டு புதுச் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒன்று, "அத்தை, மார்த்தாண்டம் பஸ் பாத்தேன்". வாசித்ததும் இரண்டு தடவை கையைத் தட்டினான். இன்னொன்று தம்பி சொன்னது, "எனக்கு இப்போ பேச வேண்டாம்". ஒரு சந்தேகம் தம்பி. இந்தச் சீட்டையும் மற்றதைப் போல ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட வேண்டுமா?

முட்டம் 24:
வேண்டாம் அக்கா. பதற்றம் வரும்போது தெரிந்த சொல்லும் வாயில் வராது. அது முழுசாக அவன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.