மகளுக்கு ஹதீஸ் கலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு 11 வயது. நபிமொழிகளை (ஹதீஸ்களை) ஆர்வமாக மனப்பாடம் செய்கிறாள். "இதை நபி (ஸல்) அவர்கள்தான் சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

பதில்:
வ அலைக்குமுஸ் ஸலாம் சகோதரி. அருமையான கேள்வி, அடக்கிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இமாம் புகாரி தொகுத்த ஸஹீஹுல் புகாரி நூலின் முதல் ஹதீஸில்தான் நான் தொடங்குவேன்: செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன. முதலில் பெயர்களைப் பலகையில் எழுதுவேன். நபித்தோழர் உமர் (ரலி), அல்கமா, முஹம்மது பின் இப்ராஹீம், யஹ்யா பின் ஸயீத், சுஃப்யான், ஹுமைதி, அப்புறம் இமாம் புகாரி. ஒருவரிடம் ஒருவர் கேட்டு அறிவித்த இந்தச் சங்கிலிதான் இஸ்னாத். அது சுமந்து வரும் செய்தி மத்ன். இனி பிள்ளைகளே கேட்கட்டும்: இவர் அவரைச் சந்தித்தாரா? நேர்மையானவரா? நினைவாற்றல் எப்படி? நடுவில் யாராவது விடுபட்டார்களா? அறிஞர்களும் இப்படித் துருவித்தான் ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது), ஹஸன் (அதற்கு அடுத்த தரம், ஏற்கத்தக்கது), ளயீஃப் (பலவீனமானது) என்று தரம் பிரித்தார்கள்.

இன்னொருவர்:
இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பு சிறுவர்களுக்கு ஏற்றது. பெயர்தான் நாற்பது, உள்ளே 42. அதிலும் முதலில் இதே ஹதீஸ்தான்.

கேட்டவர்:
ஜஸாகல்லாஹு கைரன். உமர் (ரலி) ஒருவர் சொன்னால் போதுமா என்கிறாள்!

பதில்:
போதும். தலையை மட்டும் எண்ணுவதில்லை. யஹ்யா வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வழியாகவே வந்து, அவரிடமிருந்துதான் பலருக்குப் பரவியது. எல்லோரும் நம்பகமானவர்கள் என்பதால் இது ஸஹீஹ். பெருங்கூட்டமாக அறிவிக்கும் முதவாதிர் பற்றிப் பிறகு சொல்லலாம், அவசரமில்லை.