மச்சினன் மேல டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ், சிங்கப்பூர் போறதுக்கு சிக்கல் வருமா?

புதுவயல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கத்து கல்யாண வீடு எப்படின்னு தெரியும்ல, ஒரு பக்கம் பந்தி நடக்கும், பசங்க வண்டி நிக்கிற எடத்துல தனியா கூடிருவாங்க. என் மச்சினன் அப்படித்தான் ராத்திரி காரைக்குடிக்கு பைக்ல கெளம்பிருக்கான், வழியில நிப்பாட்டி ஊதச் சொல்லிருக்காங்க, மெஷின்ல 82 காட்டிருச்சு. வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. பின்னாடி உக்காந்து வந்தவன் பேரையும் எழுதிக்கிட்டாங்க. தை மாசம் சிங்கப்பூர் வேலைக்குப் போகணும். ஃபைன் கட்டுனா முடிஞ்சிருமா? மாமியார் சாப்பிடாம உக்காந்திருக்காங்க.

கோர்ட்டுவாசல்:
அண்ணே, ஃபைனோட போயிரும்னு அசால்ட்டா இருக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனாலே குத்தம், இவன் ரெண்டரை மடங்குக்கு மேல. மொத தடவைக்கு 10,000 ரூபா ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். மறுபடி மாட்டுனா 15,000, ரெண்டு வருஷம் வரைக்கும். 2019 திருத்தத்துல ஏத்துனது. லைசென்சும் சஸ்பெண்ட் ஆகலாம். குத்தத்துக்கு உடந்தைன்னு நிரூபிச்சா 188வது பிரிவுல பின்னாடி உக்காந்தவனுக்கும் அதே தண்டனைதான். முக்கியமா, சம்மன் வந்தா கோர்ட்டுக்குப் போகாம விட்டுறாதீங்க, வாரண்ட் ஆயிரும், கேஸ் பெண்டிங்னு இருந்தா பாஸ்போர்ட்டு, போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் இழுத்தடிக்கும். கெளம்புறதுக்குள்ள முடிச்சிருங்க.

ரஸ்தா தம்பி:
மாட்டுனது நல்லதுன்னு நெனச்சுக்கங்க, மனசார சொல்றேன். எங்க பெரியப்பா மகன் மாட்டல, தேவகோட்டை ரஸ்தா பக்கம் நடந்து போன ஒருத்தரு மேல கார விட்டுட்டான். அவரு பொழச்சாரு, ஆனா இப்பவும் திண்ணைத் தூணப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறாரு, வேலைக்குப் போக முடியல, அந்த வீட்டு வாசல தாண்டவே எங்களுக்குக் கூசுது. கார் ரிப்பேருக்கு இன்சூரன்ஸ்காரங்க பைசா தரல. அடிபட்டவருக்கு நஷ்டஈட்ட மொதல்ல கட்டிட்டு அப்பறம் இவன்கிட்ட திருப்பிக் கேட்டாங்க, வயல வித்துத்தான் குடுத்தோம். ஊதிப் பாக்கல, ரத்த டெஸ்ட் எடுக்கலன்னு தப்பிச்சுக்கலாம்னும் நெனைக்க வேணாம், வேற சாட்சிய வச்சு கம்பெனி நிரூபிச்சா க்ளைம் கிடையாதுன்னு 2021லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அவரு செத்திருந்தா புது குற்றவியல் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் போயிருக்கும், சில கேஸ்ல கொலைக்குச் சமமில்லாத மரணம்னு 105லயும் போடுறாங்க, அது இன்னும் பெருசு.

நர்ஸ் அக்கா:
ராத்திரி மட்டும் இல்ல தம்பி, மறுநாள் காலைலயும் பயம் இருக்கு. தூங்கி எந்திரிச்சு தலைக்கு குளிச்சு மோர் குடிச்சா தெளிஞ்சிரும்னு நெனச்சு பொண்ணு மாப்பிள்ளைய பிள்ளையார்பட்டிக்கு கூட்டிட்டுப் போக கார எடுத்துருவாங்க. ஈரல் சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ரத்தத்துல 15 மில்லிகிராம்தான் கொறைக்கும், காப்பியோ மோரோ அத வேகமாக்காது. ராத்திரி பன்னெண்டுக்கு 150 இருந்தா காலைல ஆறு மணிக்கு இன்னும் 60 இருக்கும், அப்ப ஊதுனாலும் கேஸ்தான். தலை தெளிவா இருக்குற மாதிரி தோணும், பிரேக்குல கால் போறது லேட்டாகும்.

புதுவயல்காரன்:
காலைல விஷயம் எங்க யாருக்குமே தெரியாதுக்கா. வைகாசியில எங்க வீட்டுலயே கல்யாணம் வருது, வெளியூர்ல இருந்து வர்றவங்க கார் எல்லாத்துக்கும் ராத்திரிக்கும் மறுநாளைக்கும் சேத்து ஆக்டிங் டிரைவர் சொல்லிருறேன். வண்டிய எடுக்க என்னென்ன வேணும்?

கோர்ட்டுவாசல்:
ஆர்சி, இன்சூரன்ஸ், அவன் லைசென்ஸ், ஃபைன் கட்டுன ரசீது. ஓட்டிட்டு வர லைசென்ஸ் இருக்குற வேற ஆளக் கூட்டிட்டுப் போங்க.